அப்பா என்னிடம் கேட்ட கேள்வி

லெபனானிலிருந்து அப்பா திரும்பி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அவர் கொண்டுவந்த சப்பாத்து பத்து வயதுக் கால்களுக்கானது. ஒரு வருடத்துக்கு முன், கிளம்பும் நாளில், என் பாதத்தைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். அந்தப் பேப்பரை அத்தனை பத்திரமாக வைத்திருந்தவருக்குக் கால் வளரும் என்பது மட்டும் மறந்துவிட்டது. நான் விரல்களை மடக்கித் திணித்துக்கொண்டு, "சரியா இருக்குப்பா" என்றேன். நாலடி நடந்ததும் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்பா குனிந்து கழற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆமிக்குப் போன தமிழர் அவர் ஒருவர்தான். ஸ்பிரிங்வெளி தோட்டத்தில் யாரிடம் ஆமிக்காரர் வீடு என்று கேட்டாலும் எங்கள் லயத்து வரிசை வீட்டைக் கைகாட்டுவார்கள். லெபனானில் அவருக்கு லொறி ஓட்டும் வேலை. சண்டை போடப் போன படை இல்லை, சண்டை வராமல் பார்த்துக்கொள்ளப் போன ஐ.நா. படை என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அம்மா சலித்துப்போயிருந்தாள். அந்த வருடம் முழுக்க அவரோடு பேச நாங்கள் கோயில் மேட்டுக்கு ஏறுவோம். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பேச்சின் நடுவில் போன் திரையில் அவர் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றுவிடும். அந்த முகத்தைப் பார்த்து, இவர் வீட்டுக்கு வந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

வந்தார். ஆனாலும் ஏக்கம் தீரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடும்போதே அவரை நினைத்து ஏங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்?

அம்மா கொழுந்து பறிக்கிறவள். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நேரத்தோடு போகவேண்டும் என்பதால் இருட்டிலேயே எழும்புவாள். அப்பா அவளுக்கும் முன்னால் எழும்பி, கம்பளியை மூலைக்கு மூலை மடித்து, எங்கள் செருப்புகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். "ஒனக்கும் பெரட்டு, ஆமியில எனக்கும் பெரட்டு. இப்ப எனக்குத்தான் எங்க போய் நிக்கிறதுன்னு தெரியல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். முதல் வாரத்திலேயே ஆடுகிற கதவு, ஒழுகுகிற தகரம் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. உப்பு எங்கே என்று கேட்பார், சீனி எங்கே என்று கேட்பார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உப்புக் கேட்கிற மனிதரைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். என் சுபாவம், அழுகை வந்தால் பின்னாலேயே கோபமும் வந்துவிடும்.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது முகாமிலிருந்து ஒரு படிவம் வந்தது. விருப்பமென்றால் அதை நிரப்பி அனுப்பிவிட்டு இன்னொரு வருடம் அதே நாட்டுக்குப் போகலாம். அனுப்பாவிட்டால் இங்கேயே ஏதாவது ஒரு முகாமில் இருந்துகொண்டு, அடிக்கடி வீட்டுக்கு வந்து போகலாம். லெபனான் காசில் கட்டத் தொடங்கிய எங்கள் சொந்த வீடு கூரையில்லாமல் நின்றது. அம்மா, "ஒங்க இஷ்டங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாப்பாவையும் ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவெடுப்போம்" என்று அப்பா அடுப்படியில் சொன்னது என் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து நான் பதிலோடு காத்திருந்தேன். வேணாம்ப்பா, எங்களோடயே இருங்க. பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது தேயிலைக்கு நடுவில் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். பெரியவர்களைக் கேட்பதுபோல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நான் வகுப்புக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நேரம் போய்விட்டது, ரிப்பனில் ஒன்றைக் காணோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கவர். டவுனுக்குப் போனால் கொப்பிகளுக்கு உறை போட பிரவுன் பேப்பர் வாங்கி வரச்சொல்லி முதல் நாள்தான் கேட்டிருந்தேன்.

"பாப்பா, அப்பா போயிட்டு வரட்டுமா?"

"சரிப்பா, போயிட்டு வாங்க" என்றேன், ரிப்பனைத் தேடிக்கொண்டே.

அவர் போகவில்லை. "நெசமாவா?"

"நெசமாத்தாம்ப்பா. பிரவுன் பேப்பர மறந்துறாதீங்க."

கவரின் மூலையை விரலால் நீவி நேராக்கினார். பிறகு படியிறங்கிப் போனார்.

அன்று மாலை அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, "அந்தப் படிவத்த ரெஜிஸ்டர் தபால்ல போட்டாச்சு" என்றார் அப்பா. "பாப்பாகிட்ட ரெண்டு தடவ கேட்டேன். நெசமாத்தான்னுட்டா. நான் இல்லாம ஒங்களுக்குப் பழகிருச்சு. அதுவும் நல்லதுதான்." குறையாகச் சொல்லவில்லை. நல்லதென்றே நினைத்துச் சொன்னார். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "நீயா போகச் சொன்ன?"

"கடைக்குப் போறார்னு நெனச்சேம்மா."

அவள் குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "நான் வேணாம்னு சொன்னா, நாளைக்கு வீட்டுக்குக் கூரை இல்லாததுக்கு நாந்தான் காரணம்னு ஆயிரும். நீ சொல்லுவேன்னுதானே வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

உடனே சொல்லிவிடலாம் என்றுதான் வெளியே வந்தேன். அப்பா பாயில் உட்கார்ந்து என் கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். மூலைகள் கத்தி மாதிரி மடிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் என் பெயரை எழுதி, கீழே தரம் ஐந்து என்று எழுதியிருந்தார். நான் ஆறாம் வகுப்புக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன.

"ஆறுப்பா" என்றேன். என் கால் அளவும் தெரியாது, வகுப்பும் தெரியாது, கேள்வியைக் கேள்வியாகக் கேட்கவும் தெரியாது, இவருக்கு நான் ஏன் திருத்திச் சொல்லவேண்டும் என்று வந்தது கோபம். பதினொரு வயதுக் கோபம்தான். தபாலில் போனதைத் திருப்பி வாங்க அவருக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்திருக்கும். அந்த நாட்களில் ஒருமுறைகூட நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா ஐந்தையெல்லாம் ஆறாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்த அன்று மூவருமாகப் பதுளை பஸ் நிலையத்துக்குப் போனோம். கொழும்பு பஸ் புறப்படத் தயாராக இரைந்துகொண்டிருந்தது. அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊருக்குப் போகிற எல்லோரும் கேட்பதுபோல, பதிலுக்குக் காத்திருக்காத குரலில் கேட்டார்.

"போயிட்டு வரட்டுமா பாப்பா?"

"வேணாம்ப்பா" என்றேன். "போகாதீங்க. எங்களோடயே இருங்க."

அப்பா சிரித்தார். "அன்னைக்கு என்ன தைரியமா அனுப்பி வச்சா, இப்பப் பாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளி, பஸ்ஸில் ஏறினார்.