அந்த மூலைச் செடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். இத மொதல்லயே சொல்லிட்டா நல்லது. அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலத் தோட்டத்துல, எங்க லயத்து வரிச வீடுகள்ல யாரக் கேட்டாலும் இல்லன்னு சொல்லமாட்டாங்க. ஒருக்கா என் சம்சாரம், நான் மொளகாக் கன்னு வச்ச எடத்துல வெயில் படாதேன்னு சொன்னதுக்கு, வச்ச கன்னு எல்லாத்தையும் வேரோட புடுங்கி ஆத்துல எறிஞ்சவன் நான். அவ சோத்தப் போட்டு வச்சுட்டுப் போயிட்டா.

போன வருஷம் அவள நுவரெலியா ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. வயித்துல புத்துநோய். இனிச் செய்ய ஒண்ணும் இல்ல, நிம்மதியா வச்சுப் பாத்துக்குங்கன்னு அந்தச் சிங்கள டாக்டரம்மா மெதுவாத்தான் சொன்னாங்க. எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. மிச்சத்த மகதான் சொன்னா. கொழும்புல துணிக்கடையில வேல செஞ்சவ, லீவு போட்டுட்டு வந்து எங்களோடயே இருந்தா.

முன் காம்பராவுல ஜன்னல் ஓரமாக் கட்டிலப் போட்டோம். ஜன்னலுக்கு வெளிய மூணு பாய் விரிக்கிற அளவு எடம். அதுல நான் கோவா, அதான் முட்டகோசு, போட்டிருந்தேன். ரெண்டு நாளு அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தவ, கோவாவ எடுத்துட்டு அங்க பூ வைக்கலாமான்னு கேட்டா. சின்ன வயசுல ரெண்டு வருஷம் தோட்டத்துத் தொர பங்களாவுல வேலைக்கு இருந்திருக்கா. அங்க குசினி ஜன்னலுக்குக் கீழ ஒரு பூப்பாத்தி இருந்துச்சாம். வெயில் வந்துட்டா வண்ணத்துப்பூச்சி வந்து பூவே தெரியாத அளவுக்கு மொய்க்குமாம். சாமான் கழுவுறத விட்டுட்டு அதப் பாத்துக்கிட்டு நின்னு ஏச்சு வாங்கியிருக்காளாம். இத்தன வருஷம் கூட வாழ்ந்திருக்கேன், இத அவ சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல.

"அந்த மாதிரி ஒருக்காப் பாத்துட்டுப் போயிரணுங்க"ன்னா.

எங்க போறதப் பத்திச் சொல்றான்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே மம்பட்டிய எடுத்துட்டேன்.

நான் தோட்டத்து ஆளு. மலையில தேயிலக் கன்னு நட்ட கை இது. கயித்தப் புடிச்சு, குச்சி அடிச்சு, அளந்து அளந்து குழி வெட்டுனேன். ஜன்னல் வழியாப் பாத்துட்டுச் சிரிச்சா பாருங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்த பொறகு அன்னைக்குத்தான் சிரிச்சா. தேயிலையா நடுறீங்கன்னு கேட்டா. பூவ அப்படி வரிசையா வைக்கக் கூடாதாம், கொத்துக் கொத்தா, ஒண்ணோட ஒண்ணு கலந்து, தானா மொளைச்ச மாதிரி இருக்கணுமாம். ஒசரமா வளர்ற டேலியா பின்னால, செவ்வந்தி நடுவுல, குட்டையானது ஜன்னலுக்குக் கிட்ட. அப்பத்தான் படுத்திருந்தாலும் எல்லாம் தெரியும். நடுவுல ஒரு தட்டக் கல்லப் போட்டு, அதுல கொஞ்சம் தண்ணி நிக்கணும், பூச்சி குடிக்க வரும். கட்டில்ல இருந்து கையக் காட்டிக் காட்டிச் சொன்னா, நான் நட்டேன். என் வாழ்க்கையில அவ சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வாரந்தான்.

பங்களாவுக்குப் பின்னால காடாக் கெடந்த ஒரு கொடிச் செடியையும் கேட்டா. வட்ட வட்டமா எலை, செம்மஞ்சள் பூ. பேரு எனக்குத் தெரியாது. தோட்டக்காரர்கிட்டக் கேட்டு ஒரு சாக்கு நெறையக் கொண்டாந்து நாலு மூலையிலயும் வச்சேன். எங்க குளிருக்கும் மழைக்கும் அது சும்மா திமுதிமுன்னு படர்ந்துச்சு.

ரெண்டு மாசத்துல பூ வந்துருச்சு. ஒண்ணு ரெண்டு வெள்ள வண்ணத்துப்பூச்சியும் வரும். அந்த வட்ட எலைக்கு அடியில உக்காரும், எந்திரிச்சுப் போயிரும். அவ்வளவுதான். மொய்க்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் விடுவேனா? பாத்திய இன்னும் சுத்தமா வச்சேன். ஒரு புல்லு இருக்காது, ஒரு சருகு இருக்காது. மலையில எங்ககிட்ட வேல வாங்குற கண்டாக்கு ஐயா வந்து பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கொடியில புழு. எங்க லயத்துல ஆம்பளைங்க காலைல மூஞ்சி கழுவுறாங்களோ இல்லையோ, கோவாவுல புழுப் பொறுக்குவாங்க. ஒரு டின்னுல உப்புத் தண்ணி, எலையத் திருப்பு, புழுவ எடு, உள்ள போடு. பெரட்டுக்கு, வேலைக்குப் பேரு குடுக்க, போறதுக்கு முந்தி முடிஞ்சிரும். கோவா போயி பூ வந்தாலும் எனக்கு அந்தப் பழக்கம் போகல. விடிஞ்சதும் டின்னோட எறங்கிருவேன். ஒவ்வொரு எலையாத் திருப்பிப் பொறுக்கிட்டு, ஜன்னல் வழியா உள்ள எட்டிப் பாத்து, டின்னத் தூக்கிக் காட்டிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பா.

ஒரு நாளு மெதுவாக் கேட்டா.

"அந்த மூலையில ஒரு செடிய மட்டும் அப்படியே விடுங்களேன்."

"விட்டா எல்லாத்துக்கும் பரவும். ஒனக்கு என்ன தெரியும்? சும்மா படு"ன்னேன்.

அதுக்கு மேல அவ அதப் பத்திப் பேசவே இல்ல. நான் அந்த மூலையிலதான் அன்னைக்கு ரொம்பக் கவனமாப் பொறுக்குனேன்.

மழை விட்டு வெயில் நல்லா அடிச்ச ஒரு காலையிலதான் அவ போனா. மொகம் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்துச்சு. வெளிய பூவுக்குக் கொறச்சலே இல்ல. ஒத்த வண்ணத்துப்பூச்சி கூட இல்ல. இந்தப் பாழாப்போன பூச்சிக்கு இன்னைக்கு வந்தா என்னன்னு மனசுக்குள்ள ஏசுனேன். அத ஏசுன வாயத்தான் இப்ப அடிச்சுக்கிறேன்.

கருமாதி முடிஞ்சு, மக கொழும்புக்குத் திரும்புறதுக்கு உடுப்ப அடுக்கிக்கிட்டு இருந்தா. நான் பழக்க தோஷத்துல டின்ன எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன். மக வாசல்ல வந்து நின்னா.

"இனி யாருக்காகப்பா அதக் கொல்றீங்க? அது வளந்தாத்தானே வண்ணத்துப்பூச்சி."

புழுதான் வண்ணத்துப்பூச்சி ஆகும்னு எனக்கு மட்டும் தெரியாதா? பள்ளிக்கூடத்துல படம் போட்டுக் காட்டுனதுதான். ஆனா கோவாப் புழுவ யாரு அப்படி நெனச்சுப் பாத்தா? புழுவக் கண்டா எடுக்கணும், அவ்வளவுதான் இந்தக் கைக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா ஏன் இத்தன நாளாச் சொல்லலன்னு மகளப் பாத்துக் கத்துனேன். செத்த வீட்டுல, கருமாதி முடிஞ்ச ஈரம் கூட ஆறாத வாசல்ல நின்னு கத்துனேன். அவ பயப்படல.

"அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க. சொன்னாக் கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுருவாரு, காலையில ஜன்னல்ல எட்டிப் பாத்துச் சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்பும் போயிரும், எனக்கு இது போதும்னாங்க."

டின்ன எங்க வச்சேன்னு தெரியல. பாத்திக்கு நடுவுல அந்தத் தட்டக் கல்லு மேலயே உக்காந்துட்டேன். பங்களாவுல ரெண்டு வருஷம் பாத்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் ஒவ்வொரு நாளும் பொறுக்கிப் பொறுக்கிக் கொன்னு, அதத் தூக்கி அவகிட்டயே காட்டியிருக்கேன். அவளும் பாத்துச் சிரிச்சிருக்கா. கடைசி ஆசையக் கூட எனக்குப் பயந்துக்கிட்டு விட்டுக் குடுத்திருக்கா. பயமா, பாசமான்னு மககிட்டக் கேட்டேன். தெரியலப்பான்னு சொல்லிட்டு அவளும் அழுதா.

மக போயிட்டா. நான் புழு பொறுக்குறத விட்டுட்டேன். அந்த மூலைச் செடி மொட்டையாப் போச்சு, வெறும் தண்டுதான் நின்னுச்சு. என்ன இப்படி விட்டுட்டீங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரு. எரிஞ்சு விழ வாயெடுத்தவன், அது கெடக்கட்டும்னேன். கொஞ்ச நாள்ல சுவத்துலயும் ஜன்னல் கட்டையிலயும் கூடு கூடாத் தொங்குச்சு. நான் தொடல.

நேத்துக் காலையில வெயில் வந்தப்ப வெளிய வந்தேன். பாத்தி பூராவும் வெள்ள வண்ணத்துப்பூச்சி. பூ மேல, கல்லு மேல, மொட்டத் தண்டு மேல. இப்ப வந்து யாருக்குன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. ஜன்னல் கிட்டப் போயி எப்பவும் போல உள்ள எட்டிப் பாத்தேன். கட்டில்ல மக சுருட்டி வச்சுட்டுப் போன மெத்ததான் இருந்துச்சு.

"விட்டுட்டேன் புள்ள, நீ சொன்ன அந்தச் செடிய விட்டுட்டேன்"னு சொன்னேன்.