பத்து கிகாபிட்டுக்கு ஒரு சந்தனப் பொட்டு

எனக்குப் பக்தி கிடையாது என்று வீட்டில் பலமுறை அறிவித்திருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை, யாரும் நம்பியதும் இல்லை. பரீட்சை, விமானப் பயணம், சிஸ்டம் அப்டேட் ஆகிய மூன்றுக்கும் முன்னால் மட்டும் கொஞ்சம் வளைந்து கொடுப்பேன். அப்படி நான் வளைந்து கொடுத்தது ஒரு விஜயதசமி நாளில் என் மன்னியின் ஸ்டுடியோவுக்கே உலை வைக்கப் பார்த்தது.

மன்னி என் அண்ணாவின் மனைவி. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு கட்டிடம் தள்ளி, ஒரு சுக்கு குடோனின் மாடியில், கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோ நடத்துகிறாள். ஒரே அறை. இரண்டு நாற்காலி, ஒரு எடிட்டிங் மெஷின், படமெல்லாம் சேமித்து வைக்க நான் அசெம்பிள் செய்து கொடுத்த ஒரு பெரிய பெட்டி. மன்னியின் கை நல்ல கை. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பாடு சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பியவர்கள்கூட, அவள் வெட்டி ஒட்டிய வீடியோவைப் பார்த்தால் இன்னொரு தடவை போகலாமா என்று யோசிப்பார்கள்.

ஒரே குறை, நேரத்துக்குக் கொடுக்கமாட்டாள். ஒரு பெண்ணுக்கு வீடியோ போய்ச் சேர்வதற்குள் அவள் குழந்தைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெண்ணின் அம்மா ஃபோன் செய்து, "இனி குட்டியெக்கூடி அதில் சேர்த்தோளூ" என்றாள், குழந்தையையும் அதில் சேர்த்துவிடச் சொல்லி. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை, அவள் உண்மையாகவே கேட்டாள்.

அண்ணாவால் இதைத் தாங்க முடியவில்லை. அவருக்கு ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல் ஒரு மணி நேரம் தாமதமானால் எழுத்தில் காரணம் கேட்கிற உத்தியோகம். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், கேள்வியும் அந்த அளவுக்கு அதிகம்.

"இப்போ கையில இருக்கற கல்யாண வீடியோவை விஜயதசமி சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு. பொண்ணும் மாப்பிள்ளையும் அஞ்சு மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறா. குடுக்க முடியலேன்னா மாடி சாவியைத் திருப்பிக் குடுத்துடலாம். இடப்பள்ளியில என் சிநேகிதர் ஆபீஸ்ல நோக்கு வேலை ரெடியாக்கும்" என்றார்.

மன்னி "செரி" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அண்ணாமேல் வந்த கோபத்தில் அவர் டம்ளரை எடுத்துப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியில் சாயாவைக் கொட்டினேன். அவர் இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.

தாமதத்தில் பாதி மன்னியுடையது, பாதி அந்தப் பெட்டியுடையது. எடிட் செய்ய லேசான நகல்கள் போதும். கடைசிப் படத்தைத் தயாரிக்க அசல் வேண்டும். அசலெல்லாம் பெட்டியில் இருந்தது. பழைய கேபிள் வழியாக அதை மெஷினுக்குக் கொண்டுவர ஆறு மணி நேரம் ஆகும். நான் மார்பைத் தட்டிக்கொண்டு, பத்து கிகாபிட் வேகத்தில் ஓடும் நெட்வொர்க் கார்டு இரண்டை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். பெட்டிக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று. நடுவில் ஃபைபர் கேபிள். ஆறு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடியும் என்று மன்னியிடம் சத்தியமே செய்தேன்.

கார்டுகள் வந்தது அஷ்டமியன்று மத்தியானம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பூஜை வைப்பு. புஸ்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால், தசமி காலையில் எடுக்கும்வரை யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தொழிலைத் தொடக் கூடாது. நவமியன்று குளியலறையில் உட்கார்ந்து ஃபோனில் டிரைவரின் கையேட்டைப் படித்தேன். டிரைவர் என்றால் கார்டையும் சிஸ்டத்தையும் பேசவைக்கும் சின்ன நிரல். கதவுக்கு வெளியிலிருந்து அண்ணா, "உள்ள என்ன படிக்கறாய்?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். படித்துக்கொண்டே தலையாட்டும்போது நான் "ம்... ம்..." என்று சத்தம் போடுவேனாம்.

அஷ்டமிக்குத் திரும்பிப் போகிறேன். ஸ்டுடியோ சார்பில் என்ன வைப்பது என்று பேச்சு வந்தது. மெஷினைக் கழற்றிக் கொண்டுவர முடியாது. கார்டில் போய்ச் செருகும் விரல் நீள உலோகத் துண்டுகள் இரண்டு இருந்தன, மாட்யூல் என்பார்கள். மின்சாரத்தை ஒளியாக்கி ஃபைபருக்குள் அனுப்பும் சாமான் அதுதான். கைக்கு அடக்கமாக இருந்ததால் அதையே வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இடவேண்டும். மாட்யூலின் வாயில் ஒரு ரப்பர் மூடி இருந்தது. ரப்பருக்குப் போய்ப் பொட்டு வைப்பதா என்று மூடியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தெரிந்த இரண்டு சின்னத் துளைகள்மேலும் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். ஒன்றுக்கு வைத்து மற்றதுக்கு வைக்காவிட்டால் மற்றது வருத்தப்படுமோ என்று அதற்கும் வைத்தேன். பன்னிரண்டு வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்தவள் நான். வேறு யாராவது செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

தசமி காலை பூஜை எடுத்ததும், மாட்யூல்களின் வெளிப்புறத்தைப் புடவைத் தலைப்பால் பளபளவென்று துடைத்து எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கு மாடியில் இருந்தேன். மன்னியும் அண்ணாவும் பின்னாலேயே வந்தார்கள். அண்ணா லீவு போட்டிருந்தார். தோல்வியைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எடிட்டிங் மெஷினில் கார்டு சமர்த்தாக உட்கார்ந்தது. பெட்டியில் ஓடுவது யூனிக்ஸ் வம்சத்து சிஸ்டம். அதற்கு எல்லாம் கையால் எழுதிக் கொடுக்கவேண்டும். நான் கீபோர்டில் கை வைத்ததும் அண்ணா தடுத்தார்.

"தசமியன்னிக்கு மொதல்ல எழுதறது ஹரிஸ்ரீயா இருக்கணும்."

"அண்ணா, இது கான்ஃபிகரேஷன் ஃபைல்."

"எழுத்துதானே?"

வாதாட நேரமில்லை. முதல் வரியில் ஒரு # குறி போட்டு, ஆங்கில எழுத்திலேயே ஹரி ஸ்ரீ கணபதயே நமஹ என்று அடித்தேன்.

"முன்னாடி அதென்ன வேலி மாதிரி?"

"அது போட்டா மெஷின் அந்த வரியைப் படிக்காது."

"அப்போ யாருக்காக எழுதினாய்?"

"நோக்குத்தான், வேற யாருக்கு?" கோபத்தில் நீங்கோ எல்லாம் பறந்துவிட்டது. மன்னி அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

டிரைவரை ஏற்றினேன். கார்டை அது அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் மாட்யூலை ஏற்க மறுத்துவிட்டது. கார்டு ஒரு கம்பெனி, மாட்யூல் வேறு கம்பெனி. சம்பந்தம் பேச வந்த இடத்தில் கோத்திரம் கேட்கிற மாமாவைப் போல, எங்களைச் சேர்ந்ததில்லை, ஆதரிக்கமாட்டோம் என்று திரையில் எழுதிக் காட்டியது. இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். யாராயிருந்தாலும் சேர்த்துக்கொள் என்று சொல்லும் ஒரு வரியை ஃபைலில் சேர்த்துப் பெட்டியை மறுபடி கிளப்பினேன். மாமா சமாதானமானார். ஆனால் இணைப்பு வரவில்லை. கார்டின் பச்சை விளக்கு எரியவில்லை. மெஷினோ, கேபிளே செருகவில்லை என்று புகார் செய்தது.

அப்போது மணி ஒன்பது. மன்னி மெதுவாகக் கேட்டாள். "பழைய கேபிள்ல போட்டுடலாமா? இப்போ ஆரம்பிச்சா மூணு மணிக்கு வந்துடும்."

"பத்து நிமிஷம் குடுங்கோ மன்னி" என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன பெரிய பொய்களில் அது ஒன்று. சொல்லும்போது நானே நம்பினேன்.

கேபிளை முன்பின் மாற்றினேன். கார்டை அடுத்த இடத்தில் செருகினேன். டேட்டாவைக் கட்டி அனுப்பும் பொட்டலத்தின் அளவைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், அது இணைப்பு வந்த பிறகுதான் முக்கியம் என்று தெரிந்தும் செய்தேன். கார்டு தானே செய்துகொள்ளும் சாமர்த்தியங்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். கடைசியில் டிரைவரின் புதிய பதிப்பையே இறக்கி, அந்தப் பெட்டியிலேயே தயார் செய்தேன். அதற்கே ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. திரையில் வரி வரியாக ஓடியதைப் பார்த்து அண்ணா, "நன்னா ஓடறதே" என்றார். எனக்கு அழுகை வந்தது.

பன்னிரண்டே கால். இனிப் பழைய கேபிளில் போட்டால் ஆறேகாலுக்குத்தான் வரும். மன்னி மேஜையின்மேல் கிடந்த பென் டிரைவ்களை அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்தாள். அறையைக் காலி செய்கிறவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

அந்த நேரத்தில் கீழே குடோனிலிருந்து, அண்ணன் முறையில் நாங்கள் இக்கா என்று கூப்பிடுகிறவர் மேலே வந்தார். சுக்கைத் தரம் பிரிக்கிறவர். மூட்டையைப் பிரிக்காமலே, உள்ளே பூஞ்சை பிடித்ததா இல்லையா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். எங்கள் மூவருக்கும் சாயா கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்றார். மூக்கு இரண்டு தடவை அசைந்தது.

"மோளே, இவிடெ ஆரா சந்தனம் அரைக்குந்நே?"

"ஆரும் இல்லா, இக்கா."

"எந்நால் ஈ பெட்டியா அரைக்குந்நே" என்றார். யாரும் அரைக்காவிட்டால் இந்தப் பெட்டிதான் அரைக்கிறது என்று அர்த்தம்.

குனிந்து முகர்ந்தேன். விசிறி வெளியே தள்ளிய சூட்டுக் காற்றில் கமகமவென்று சந்தனம். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. ஒளி வெளியே வரவேண்டிய துளையை நான் என் கையாலேயே பூசி அடைத்து, மேலே குங்குமத்தால் முத்திரையும் குத்தி, நாலு மணி நேரமாக டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். மாட்யூலைக் கழற்றியதும் குங்குமம் சிவப்பாக எட்டிப் பார்த்தது. மறைக்க வழியில்லை. ஒப்புக்கொண்டேன்.

"நீ நாஸ்திகையாக்கும்னு சொல்லிண்டிருந்தாயே" என்றார் அண்ணா.

"மதி மதி, போறும்" என்றாள் மன்னி. என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கேமரா லென்ஸ் துடைக்கும் திரவத்தை எடுத்தாள், பல்குச்சியில் பஞ்சை நூல் மாதிரி சுற்றினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துளையாகத் துடைத்தாள். நான் டார்ச் அடித்தேன். என்னை நம்பி அன்று தரக்கூடிய வேலை அது ஒன்றுதான். மாட்யூலைச் செருகிக் கேபிளைப் போட்டதும், நான் ஒரு எழுத்துக்கூட அடிப்பதற்கு முன்னால், பச்சை விளக்கு எரிந்தது. இக்கா தலையை ஆட்டிவிட்டுக் காலி டம்ளர்களோடு கீழே போனார்.

இரண்டு மணிக்கு அசல் முழுவதும் வந்துவிட்டது. மூன்றேகாலுக்குப் படம் தயார். நான் எழுந்து நின்றேன். மன்னி எழுந்திருக்கவில்லை. பெண்ணின் அப்பா பந்திக்குப் பின்னால் தனியாக நின்று வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைக்கிற இடம் ஒன்று அசலில் இருந்தது. லேசான நகலில் அது மங்கலாக இருந்ததால் அவள் கவனிக்கவில்லையாம். அதைச் சேர்க்கப் போகிறாளாம்.

"மன்னி, மணி மூணேகால்!"

"தெரியும்."

நான் வாங்கிக் கொடுத்த வேகத்தையெல்லாம் அவள் அந்த ஏழு விநாடிக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணா வாட்சைப் பார்த்தார், வாயைத் திறந்தார், திரையைப் பார்த்தார். அந்த அப்பா கண்ணைத் துடைத்தார். அண்ணா திறந்த வாயை மூடிக்கொண்டார். படத்தை மறுபடி தயார் செய்து பென் டிரைவில் ஏற்றும்போது ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம்தான் பாக்கி. ஃபோர்ட் கொச்சியில் பெண் வீட்டுக்கு நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் போயிருப்பார்கள்.

"குடு இங்க" என்று அண்ணா பென் டிரைவையும் ஸ்கூட்டர் சாவியையும் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஆறு மணிக்குத் திரும்பி வந்தார். கார் புறப்பட்டுவிட்டதாம். தோப்பும்படி பாலத்துக்கிட்ட டிராஃபிக்கில் பிடித்தாராம். மாப்பிள்ளை அங்கேயே மடியில் லாப்டாப்பைத் திறந்தானாம். வழியனுப்பக் கூடவே போன பெண்ணின் அப்பா, கொஞ்சம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணா தொண்டையைக் கனைத்தார்.

"அவாத்துல இளைய பொண்ணுக்கு மேட மாசத்துல, நம்ம சித்திரைல, கல்யாணமாக்கும். வீடியோ இங்கதான்னு சொன்னார். நான் ஏத்துண்டுட்டேன்."

மன்னி அவரையே பார்த்தாள். "எப்போ தரேன்னு சொன்னேள்?"

"ஒரு வாரத்துல."

மன்னி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஒரு வாரமா? என்னைக் கேக்காம எப்படிச் சொன்னேள்? மூணு கேமரா, ரெண்டு நாள் கல்யாணம். நீங்கோ வந்து வெட்டுவேளா? ஒரு மாசம் ஆகும்னு இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லுங்கோ."

இருபது வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சண்டை வரும் என்று நினைத்தேன். அண்ணா சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். அங்கிருந்து அவர் குரல் ஸ்டுடியோ சிப்பந்தியின் குரலைப் போலப் பணிவாகக் கேட்டது.

"ஹலோ... ஸ்டுடியோவில்நிந்நா விளிக்குந்நே..."