நவநாளில் முந்நூறு பவுண்டு

சித்தப்பாவை டெக்சாஸ் அணி வேண்டாம் என்று அனுப்பிவைத்த மறுநாள் வேளாங்கண்ணி மாதாவின் நவநாள் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க ஃபுட்பால் அணிகள் வேண்டாத ஆட்களைக் கழித்துவிடும். அதே ஆகஸ்ட் கடைசியில் எங்கள் அம்மா நவநாளின் ஒன்பது நாளும் கறி, மீன், முட்டை மூன்றையும் நிறுத்திவிடுவாள். இந்த இரண்டும் முட்டிக்கொண்ட வீடு டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. சின்ன வயதில் தூத்துக்குடியிலிருந்து என் அப்பா அம்மாவோடு இங்கே வந்தவர். பள்ளியில் அவர் உடம்பைப் பார்த்த கோச், தடுப்பு வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றிலிருந்து வேலை அதுதான். எதிரணி பந்தோடு வரும்போது வழிவிடாமல் நிற்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வந்து இடிப்பார்கள். பந்து அவர் கையில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

முதலில் நியூ ஜெர்சி, பிறகு கலிபோர்னியாவின் பே ஏரியா, பிறகு டெக்சாஸ். எங்கேயும் ஒரு சீசன் முழுதாக இருந்ததில்லை. எவனுக்காவது முட்டி போனால் இவரைக் கூப்பிடுவார்கள். அவன் முட்டி சரியானால் இவரை அனுப்பிவிடுவார்கள். தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்ல அப்பா ஒரு வழி வைத்திருந்தார்.

"நம்ம ஐ.டி. மாதிரிதான் பிரதர். காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு, இப்போ பெஞ்ச்ல இருக்கான்."

"அப்போ இந்த கேப்ல கிளவுட் படிச்சு வைக்கச் சொல்லுங்க. நல்ல டிமாண்ட் இருக்கு" என்றார் ஓர் அங்கிள், உண்மையான அக்கறையோடு. சித்தப்பாவும் மரியாதையாகத் தலையாட்டினார்.

இரண்டாம் நாளே ஏஜென்ட் போன் செய்தார். நியூ ஜெர்சிப் பக்கம் ஓர் அணி அடுத்த வாரம் கூப்பிட்டுப் பார்க்கப்போகிறதாம். ஆனால் ஆள் மெலிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார்களாம். முந்நூறு பவுண்டுக்கு, சுமார் நூற்று முப்பத்தாறு கிலோவுக்கு, கீழே இருந்தால் களத்திலேயே இறக்க மாட்டார்களாம். சித்தப்பா கராஜில் இருந்த எடை மெஷினில் ஏறினார். முள் முந்நூற்றைத் தொடவில்லை.

"இன்னைக்கே மாட்டுக்கறி வாங்கிட்டு வரேன்" என்று அப்பா சாவியை எடுத்தார்.

"தம்பிக்கும் சேர்த்துத்தான் நேர்ந்திருக்கேன்" என்றாள் அம்மா.

"அவன் தின்னாத்தான்டி அவனுக்கு வேலை!"

"மாதாகிட்ட சொல்லியாச்சுங்க."

சித்தப்பா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி அண்ணி. கறி வேணாம். ஆனா நிறைய வேணும்."

பின்னாளில் பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் கவலைப்படுவதில் அப்போதைய எட்டு வயதிலேயே பட்டம் வாங்கியிருந்தேன். விரதம் உடைந்தால் மாதா கோபிப்பாள். உடையாவிட்டால் எடை ஏறாது, வேலை கிடைக்காது. எந்தப் பக்கம் வேண்டுவது என்று தெரியாமல் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. சித்தப்பா போனில் அலாரம் வைத்துக்கொண்டு தின்றார். நெய்யில் மிதக்கும் இட்லி, பருப்புச் சோறு, பனீர், டப்பாவோடு கடலை வெண்ணெய். ருசியெல்லாம் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு, சுமை தூக்குகிறவர் மாதிரி விழுங்கினார். நடுவில் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலின் காலி பார்க்கிங்கில் எங்கள் வேனை நியூட்ரலில் போட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினார். அவர் சட்டையிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட, தின்றதெல்லாம் வழிந்து போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

ஒருநாள் அப்பா, பெட்ரோல் போட என்று எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய் பார்பெக்யூ கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். புகை வாசனை காருக்குள் வந்து உட்கார்ந்தது.

"இறங்குடா. உங்க அண்ணிக்கு எங்கே தெரியப்போகுது?"

"நீங்க போங்கண்ணே. எனக்கு வேணாம்."

வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்று அப்பா தனக்கு மட்டும் ஒன்று வாங்கி, காருக்கு வெளியே நின்றே தின்றார். கடைசியில் விரதம் உடைந்தது அவருக்குத்தான். அந்தப் பாவம் சித்தப்பாவின் எடையில் கழியுமோ என்று எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

சாயங்காலங்களில் அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து சித்தப்பாவின் முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பாள். அது பப்பாளி மாதிரி வீங்கியிருக்கும்.

"போதும் தம்பி இந்தப் பொழப்பு. இங்கேயே ஏதாவது வேலையைப் பாரு."

"இன்னும் ஒரு தடவை அண்ணி."

"இதைத்தான் போன வருஷமும் சொன்னே."

"அப்போ கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்."

அம்மா முட்டியில் நறுக்கென்று ஒரு தட்டு தட்டினாள். எழுந்துபோய் அடுத்த ஈடு இட்லி ஊற்றினாள்.

புறப்படும் நாள் காலையில் முள் முந்நூற்றைத் தாண்டி நின்றது. அப்பா கைதட்டினார். நான் சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்று அடுப்பை அணைத்துவிட்டு, வழிக்கு என்று தயிர்சோற்றை டப்பாவில் அழுத்தி அழுத்தி நிரப்பினாள்.

விமான நிலையத்தில், அம்மா நெற்றியில் சிலுவை போட வசதியாக சித்தப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன அண்ணி, மாதா இந்த வருஷமும் நீங்க கேட்டதைத் தரலையே."

"அடுத்த வருஷமும் கேப்பேன்."

"கேளுங்க. நானும் கறி திங்காம இருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். அம்மாவின் கண் மட்டும் சிவந்திருந்தது. சித்தப்பா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை லேசாக இழுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எடைதான் ஏறிவிட்டதே, அணிதான் கூப்பிட்டுவிட்டதே, பிறகு மாதா எதைத் தராமல் விட்டாள்? காரில் அம்மாவிடம் கேட்டேன். சீட் பெல்ட்டைப் போடு என்றாள். அவர் போகக் கூடாது என்று மாதாவிடம் மன்றாடிய அதே கையால்தான் அவர் போவதற்கான நெய்யையும் ஊற்றினாள் என்பதும், அது தெரிந்தேதான் அவர் அத்தனையையும் தின்று முடித்தார் என்பதும் எனக்கு அன்று புரியவில்லை.