சாம்பலா திருநீறா

என் மகன் ஒரு வெறிநாயின் தாடையை உடைத்த நிமிஷத்தில்தான் அந்த எண்ணம் எனக்குத் தோன்றியது. தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை. வாயில் நுரையோடு வந்த நாய் நேரே அவன்மேல் பாய்ந்தது. அவனுக்கு எட்டு வயது. கையில் துணி உலர்த்தும் மூங்கில் கம்பு. அவன் ஓடவில்லை. ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து விலகி, கீழிருந்து மேலாக ஓர் அடி. நாய் திரும்புவதற்குள் காதுக்குக் கீழே இன்னொன்று. அதன் பற்கள் கல்லில் தெறித்தன. ஓடி வந்தவர்கள் கடி பட்டிருக்கிறதா என்று பிள்ளையைத் தடவிப் பார்த்தார்கள். நான் அவன் வைத்த காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவனைக் கம்புப் போட்டியில் இறக்க வேண்டும். நாய் இன்னும் காலை உதறிக்கொண்டு கிடந்தது. அதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இன்றைக்கே தொடங்கி நாளைக்கே பலன் பார்க்கிற புத்தி. தேகப் பயிற்சி பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் படித்துவிட்டு, மார்கழி முழுவதும் வீட்டில் எல்லோரையும் விடியுமுன் பச்சைத்தண்ணீரில் குளிக்க வைத்திருக்கிறேன். அந்த மார்கழியை என் மனைவி மறக்கவில்லை.

"புஸ்தகத்துல படிச்சதையெல்லாம் பிள்ளை மேலதான் செஞ்சு பாக்கணுமா?" என்றாள். "கையை ஒடிச்சுக்கிட்டு வந்தான்னா எதை வச்சு எழுதுவான்?"

"ஒடியாது."

"தாடை ஒடியும்னு நெனச்சா அந்த நாயி வந்துச்சு?"

அவளுடைய தம்பி கம்பு விளையாட்டில் கை தேர்ந்தவன். என் மகனுக்கு முதல் காலடி எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். அவனிடம் கேட்டேன். "அத்தான், அவனுக்கு அடிக்கத் தெரியுது. அடி வாங்கத் தெரியல. அதைப் பழக்காமக் கூட்டிக்கிட்டுப் போனா அங்கன நின்னு அழுவான்" என்றான்.

பழக்கினோம். இரண்டு மாதம், மாலைதோறும் ஆற்று மணலில். மைத்துனன் கணுக்காலில் அடித்தான், முழங்கையில் அடித்தான், பிள்ளை முகத்தைத் திருப்பாமல் நிற்கும்வரை அடித்தான். வீட்டுக்கு வந்து அந்தத் தடிப்புகளுக்கு எண்ணெய் தடவும்போது, போதும், நாளையோடு நிறுத்திவிடலாம் என்று நினைப்பேன். மறுநாள் அவன் மாமனின் கம்புக்கு அடியில் புகுந்து விலாவில் ஒரு குத்து விடும்போது என்னை அறியாமல் கைதட்டுவேன். அவன் ஒருநாளும் அழவில்லை. அழாததை வீரம் என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளை எதையும் வெளியே சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

போட்டி அம்பாசமுத்திரத்தில், ஓர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று. சிறுவர்களுக்கு உள்ள விதி எளிது. கம்பின் நுனியில் துணி சுற்றி, ஈரச் சாம்பலில் தோய்த்துக் கொடுப்பார்கள். பட்ட இடத்தில் வெள்ளையாகத் தடம் விழும். நெற்றியில் தடம் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பொட்டு வைப்பது என்று பெயர்.

அன்று காலை என் மனைவி, கோபம் தீராமலேதான், பிள்ளையைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பினாள். வெறும் நெற்றியோடு பிள்ளையை வாசல் தாண்ட விடும் வழக்கம் எங்களில் இல்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான், பக்கத்திலேயே நிற்கிறேன், சாம்பலும் வெள்ளை, திருநீறும் வெள்ளை என்பது எனக்கும் உறைக்கவில்லை. களத்தில் மற்றப் பிள்ளைகள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தும் உறைக்கவில்லை.

எதிரே வந்தவன் ஆழ்வார்குறிச்சிப் பையன், பத்து வயதிருக்கும். இரண்டு பேரும் சாம்பலும் வேர்வையுமாகச் சுழன்றார்கள். ஒரு கணம் இரண்டு கம்பும் மேலே போயின. என் மகன் தலையைச் சடக்கென்று பின்னால் இழுத்தான்.

"பொட்டு வச்சாச்சு. கம்பைக் கீழ போடச் சொல்லும்" என்றார் அந்தப் பையனின் தகப்பனார். கனத்த உடம்பு, வயலில் வேலை செய்து இறுகிய கை.

"அது திருநீறு வே" என்றேன்.

"எந்தக் கோயில் திருநீறு வே மூக்கு வழியா ஒழுகுது?"

"வேர்வையில கரைஞ்சது ஒழுகத்தான் செய்யும்."

நடுவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார், மோந்தார், நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் எங்கள் இருவரையும் கெடுத்தது.

அந்தப் பையனின் தகப்பனார் என் மகனின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "ஏலே, நீ சொல்லுலே, பட்டுச்சா இல்லையா?" என்று உலுக்கினார். அவன் வாய் திறக்கவில்லை. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அவர் என் கன்னத்தில் அறைந்தார். என் மைத்துனன் குறுக்கே விழுந்தான். யாரோ அவன் மண்டையைப் பிளந்தார்கள். ரத்தம் அவன் கண்ணை மூடியது. என் கையில் ஒரு கம்பு வந்து சேர்ந்தது. யார் கொடுத்தது என்று குனிந்து பார்த்தேன். என் மகன்.

அடித்தேன். முதல் அடி அவர் மணிக்கட்டில். எலும்பு போன சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவரைத் தோளில் அடித்தேன். சாய்ந்தவரை முதுகில் அடித்தேன். அவருடைய பையன் "எங்கப்பாவ விடுங்க" என்று என் காலைக் கடித்தான், அவனையும் உதைத்தேன். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்துப் போட்ட பிறகும் என் கை ஓங்கியபடியே இருந்தது. நன்றாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் மற்றது எதையும் எழுதிப் பயனில்லை.

மாலை ரயிலில் மைத்துனன் தலைக்கட்டோடு எதிரே சாய்ந்திருந்தான். மகன் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"எப்பா, அவரு கீழ விழுந்த பொறகும் அடிச்சீங்கல்லா. அதுதான் நல்லாருந்துச்சு."

அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும் அவனே சாதாரணமாகச் சொன்னான்: "அவன் தொட்டது நெசந்தான்."

"அங்கனயே ஏம்லே சொல்லல?"

"நீங்கதான் அது திருநீறுன்னு சொல்லிட்டீங்களே."

வீட்டில் அவன் அம்மா ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். புருவத்துக்கு மேல் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். அவள் வீக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. அடுத்த போட்டி ஆவணியில். தலைக்கட்டை அவிழ்ப்பதற்குள்ளேயே மைத்துனன், "அத்தான், பையனை இறக்கலாமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். என் மகனைப் போல் கால் வைக்கிற பிள்ளையை இந்தச் சீமையில் நான் பார்த்ததில்லை. அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் அன்று என்னிடமிருந்து கற்றுக்கொண்டதோடு அவனைக் களத்துக்கு அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது. அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தாலும் அது அவனுக்குள்தான் இருக்கும்.

ஆகவே நாளைக் காலை வண்டியில் அவனும் நானும் ஆழ்வார்குறிச்சிக்குப் போகிறோம். அந்த வீட்டை விசாரித்து வைத்திருக்கிறேன். அந்தப் பையனிடம், "நீ தொட்டது நெசந்தான்" என்று என் மகன் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பையனின் தகப்பனாரிடம் நான் சொல்ல வேண்டியதை என் மகன் எதிரிலேயே சொல்லப் போகிறேன்.

"அவரு திருப்பி அடிச்சா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அடிக்கட்டும்."

"பிள்ளை பாத்துக்கிட்டு நிக்குமே."

"அவன் பாக்கணும்னுதான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.