ஊர்ப்பாதைக்கு நான் கொடுக்கப் பார்த்த காணி

எனக்கும் என் சகலனுக்கும் வாவிக்கரையில் பக்கத்துப் பக்கத்து வளவுகள். நடுவே வாவிக்கு இறங்கும் ஊர்ப்பாதை. யுத்தம் ஓய்ந்து ஊர் திரும்பியதும், அந்தப் பாதையைத் தனக்கு விட்டால் தன் வளவின் மறு ஓரத்தில் வேறு பாதை தருவதாகச் சகலன் கோயில் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“அது சுத்துப்பாதை. பழசை எனக்கு விடுங்க, எங்கட காணிக்குள்ளால நேர்ப்பாதை தாறன்” என்று எழும்பிச் சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “காணி ஆரிட பேரில?”

எங்கள் பக்கம் காணி பெண்ணுக்குத்தான் சீதனம்; எங்கள் வளவும் அவள் பேரில்தான். புகழ்ச்சியில் அதையே மறந்திருந்தேன்.

“மகளுக்கு வீடு கட்டுற இடம் அது. ஊராரிட கைதட்டலுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

வெட்கத்தோடு பின்வாங்கினேன். கூட்டம் சகலன் சொன்னதையே ஏற்றது. அவர் தன் ஓரத்தைப் பாதைக்கு விட்டு, பழைய பாதையை மறித்து மதில் கட்டினார். மீன்பிடிக்கிறவர்கள் வழக்குப் போட்டார்கள். பொதுப்பாதையை மாற்றக் கோயில் கூட்டத்துக்கு உரிமையில்லை என்று தீர்ப்பு வந்து மதில் உடைந்தது. அவர் கொடுத்த ஓரத்தாலும் சனம் இன்றுவரை நடக்கிறது.

அம்மன்தான் என் மனைவியின் வாயால் தடுத்தாள். கூட்டத்தில் யாரையாவது புகழ்ந்தால் எனக்கு இப்போதும் எரியும். ஆனால் பெண்கள் பக்கம் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நான் எழும்புவதில்லை. பெரும்பாலும் இருந்துவிடுகிறேன்.