பாதி வெட்டிய விமானப் படம்

கனடாவில் ஒருவர் தன் கராஜில் விமானம் கட்டினால் அயலவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மரத்தூளை எந்தக் கிழமை குப்பையில் போடுவீர்கள்? நான் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வோல்டர், ஓய்வுபெற்ற தபால்காரர், 1992 சித்திரையில் பெட்டி பெட்டியாகப் பாகங்களை இறக்கினார். பொலிஸ் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் கேக் கொண்டுவந்தாள். அதற்கு முந்திய ஆண்டு நான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது, பையிலிருந்த இரண்டு ரோச் பற்றரிகளுக்கு வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியில் அரை மணி நேரம் விளக்கம் சொன்னவன்.

விமானத்தின் உடற்கூட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்டவேண்டுமாம். சட்டங்களின்மேல் மெல்லிய ஒட்டுப்பலகையை வளைத்து ஒட்டவேண்டும். சனிக்கிழமைகளில் நானும் உதவுவேன்; கவ்வி எட்டாத இடத்தில் பசை இறுகும்வரை என் கைதான் கவ்வி. எட்டாவது சனிக்கிழமை, ஒரு சட்டம் ஒரு மில்லிமீற்றர் விலகியிருக்கிறதென்று முழுவதையும் உரித்தார். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "நான் பார்த்துவிட்டேனே" என்றார். எரிச்சலில், விமானத்தின் வயிற்றை உங்களைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்றேன். மானிப்பாயில் பதுங்கு குழிக்குள் கிடந்தபடி, குண்டு போட வருவது சகடை எனும் சரக்கு விமானமா, பொம்மரா என்று சத்தத்தை வைத்தே சொல்வோம் என்றும் சொன்னேன். அவருக்குப் பாதிதான் விளங்கியது. எனக்கு விமானத்தில் அவ்வளவு ஆர்வமா என்று மகிழ்ந்து, பழைய விமானச் சஞ்சிகைகளை ஒரு கட்டாகத் தந்தார்.

அந்த மாதம்தான், மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணை கடிதம் போட்டார். கொழும்பில் அவருக்கு விசா நேர்முகம். தம்பி இங்கே இருப்பதற்குச் சான்றாக ஒரு படம் வேண்டும். என்னிடம் இருந்த நல்ல படம் ஒன்றுதான்: உடற்கூட்டின்மேல் வலக்கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் வழக்கப்படி பின்பக்க மூலையில் திகதியும் இடமும் எழுதி, "விமான உடற்கூடு, எட்டாம் சனி" என்றும் சேர்த்து அனுப்பினேன். பதுங்கு குழியில் கிடந்து வந்த ஒருவன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய படம் இது.

ஐப்பசியில் கொழும்பிலிருந்து அண்ணையின் தொலைபேசி.

"உனக்கென்ன விசரே? பிளேன் கட்டுறன் எண்டு எழுத்திலை வேறை போட்டிருக்கிறாய்."

"அது வீட்டுக்காரன்ரை, அண்ணை."

"ஓம், கிளாலியிலை வள்ளம் ஏறேக்கை எங்கடை இயக்கப் பெடியளுக்கு ஒருக்கா, வவுனியாவிலை ஆமிக்கு ஒருக்கா அதைச் சொல்லட்டே? பெடியள் தங்களுக்குப் பிளேன் கட்ட உன்னைக் கூப்பிடச் சொல்லுவாங்கள். ஆமி என்னைக் கொண்டுபோவான்."

"அப்ப படம்?"

"வெட்டினனான். பிளேன் பக்கத்தை உன்ரை அண்ணி அடுப்பிலை வைச்சிட்டா. முகம் இருக்கு. கை பிளேனோடை போட்டுது, குறை நினையாதை."

திகதி எழுதிய மூலையும் கையோடு போயிருந்தது. நேர்முகத்தில் அதிகாரி வெட்டு விளிம்பைத் தடவிப் பார்த்து, இங்கே என்ன இருந்தது என்று கேட்டாராம்.

"வள்ளம் எண்டன். வள்ளத்தை ஏன் வெட்டினாய் எண்டான். மனிசிக்கு வள்ளம் பிடிக்காது எண்டன். அதையும் எழுதிக்கொண்டான்."

"பிறகு?"

"வெட்டாத முழுப் படம் ஒண்டோடை தையிலை வரட்டாம். இனி ஊருக்குப் போய்த் திரும்பேலாது, லொட்ஜிலைதான் இருக்கிறன். பொலிஸ் ரெண்டு தரம் வந்து பாத்திட்டான். சுறுக்கா அனுப்பு. உன்ரை பிளேன் சனியனுக்குப் பக்கத்திலை மட்டும் நில்லாதை."

மறுநாள் புதுப் படத்துக்காகச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். விமானப் படம்தானே அழகு என்று வோல்டருக்கு மனக்குறை. விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கமெராவைத் தூக்கியவர், கையை எதன்மேலாவது வை, இயல்பாக இருக்கும் என்றார். என் முகம் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் அண்ணையின் சட்டைப்பைக்குள் இருந்தது. கை மானிப்பாயில் சாம்பலாகியிருந்தது. மிச்சமிருந்த நான் அந்தச் சமையலறையில், எதைத் தொட்டால் ஒருவருக்கும் ஆபத்தில்லை என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.