தொய்ந்த உத்தரம்

கட்டடங்களின் வலுவைப் பார்த்துச் சொல்வது என் தொழில். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலாளி வாசலுக்கே வந்தார். “வாங்கம்மா, சாப்பிட்டீகளா?” என்று கேட்டு இளநீர் வெட்டச் சொன்னார்.

உள்ளே, பேக்கிங் கூடத்தின் நடு உத்தரம் நன்றாகத் தொய்ந்திருந்தது. மேல்தளமெங்கும் விரிசல். அடியில் பெண்கள் மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“சீசனுக்குள்ள கூடம் வேணும்னு, கான்கிரீட்டுல சீக்கிரம் இறுகுற மருந்தை ரெண்டு பங்கா ஊத்தச் சொன்னேன். தாங்குன முட்டுக்கம்பையும் சட்டுனு பிரிச்சாச்சு” என்றார் பெருமையாக.

எந்தக் கான்கிரீட்டும் காயும்போது கொஞ்சம் சுருங்கும். பாரத்தைத் தாங்கி நிற்க நிற்க மெல்லத் தொய்யும். அவர் ஊற்றிய மருந்து இரண்டையும் கூட்டிவிடும். அதிலுள்ள உப்பு கம்பியையும் அரிக்கும். சொன்னேன். “ஆட்களை இப்பவே வெளியேத்துங்க சார்.”

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். “ஏலே, சரக்குப் பூராத்தையும் பக்கத்துக் கூடத்துக்கு மாத்து. பொம்பளைக இங்கனயே இருக்கட்டும். கொஞ்சங் கொஞ்சமாக் கொண்டாந்து அடுக்கட்டும்.”

உத்தரத்துக்கு நேர் கீழே இருந்த பெண் என்னைப் பார்த்தாள். “விழுந்துருமாக்கா?”

“விழும். எந்திரிச்சு வாங்க.”

எழுந்தாள். முதலாளி குரலை உயர்த்தவில்லை. “போறவ போகட்டும். நாளைக்கு வர வேண்டாம்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் தலையே தூக்கவில்லை.

நேரே அரசாங்க அதிகாரிகளிடம் போய்ச் சொன்னேன். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் வருவதற்குள் உத்தரத்தின் அடிப்பாகம் பெயர்ந்து அவள் வலது கைமேல் விழுந்தது. டாக்டர்கள் மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டுப்போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். “வேலை நேரத்துல தூங்குனதாலதான் அடிபட்டுச்சுன்னு கம்பெனில சொல்லுறாகக்கா. நான் தூங்கல. நீங்களாச்சும் நம்புங்க” என்றாள். நம்புகிறேன் என்றேன். அவள் புருஷன் என்னை வெளியே போகச் சொன்னார். கம்பெனியோடு சண்டை வேண்டாமாம்.

கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். சில மாதம் கழித்து முதலாளியே போன் பண்ணினார். “புதுசாக் கட்டுறோம்மா. நீங்கதான் வந்து பாக்கணும்.”

“அந்தப் பொண்ணுக்கு என்ன செஞ்சீங்க?”

“அவளுக்கென்ன குறை? அவ மகளை வேலைக்குச் சேத்தாச்சு. கை வேகம், ஆத்தாளை விட.”

போனை வைத்துவிட்டேன். புதுக் கூடத்தை வேறு யாரோ பார்த்துக்கொடுத்தார்கள்.